பாக்கியம் மிஸ்ஸும் என் காலி ஆட்டோவும்

செய்தி வந்தபோது யட்டவத்த சந்தைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஹயருக்கு, சவாரிக்கு ஆள் வருமா என்று, காத்திருந்தேன். மாத்தளைப் பள்ளிக்கூட விடுதியிலிருந்து மகள் தர்ஷினி போனில் பேசினாள்.

"அப்பா, பாக்கியம் மிஸ் தவறிட்டாங்க. ஆஸ்பத்திரியில, விடியக்காலம்."

தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"தலையாட்டுறேம்மா."

"போன்லயா?"

பார்வையில்லாத பிள்ளையை இவ்வளவு காலம் வளர்த்த தகப்பனின் லட்சணம் இது. பக்கத்து ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மிஸ் இருந்திருந்தால் விடுதி முழுக்கச் சொல்லியிருப்பார்.

மகள் அதோடு விடவில்லை. "நாளைக்கு ரத்தோட்டைக்கு, மிஸ்ஸோட அக்கா வீட்டுக்கு, சாவுக்கு நான் பஸ்ல தனியா போறேன். நீங்க ஏத்திக்கிட்டுப் போக வராதீங்க."

அதுவரை அவள் தனியாக பஸ் ஏறியதே கிடையாது. பழக்கிக்கொண்டிருந்தவர் மிஸ்தான். அன்றைக்கு யாரை எங்கே கொண்டுபோய் இறக்கினேன் என்று என்னைக் கேட்டால் தெரியாது.

பார்வையில்லாத பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த மிஸ்ஸை, இங்கே கூடியிருக்கும் பெற்றோர் உங்களுக்கெல்லாம் தெரியும். அவருக்கும் பார்வை கிடையாது. குரல் பெரிது, ரேடியோ வைக்கும் சத்தம் அதைவிடப் பெரிது. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையை அவர் பூகம்பம் என்பார். நாம்தான் காரணம். வந்த கையோடு பிள்ளையின் அலுமாரியைத் திறந்து ஒழுங்குபடுத்திவிட்டுப் போவோம். திங்கட்கிழமை காலையில் விடுதியில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

நான் இன்னும் ஒரு படி மேலே போனவன். முதல் தடவை வந்தபோது தர்ஷினியின் உடுப்பையெல்லாம் அழகாக அடுக்கிவிட்டு, மிஸ்ஸையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தட்டைத் தடவினார்.

"பள்ளிக்கூடச் சட்டை, அதுக்கு மேல துவாய், அதுக்கு மேல ராத்திரி உடுப்பு. என்ன கணக்கு இது, தர்ஷினி அப்பா?"

"எல்லாம் வெள்ளை, மிஸ். நிறம் நிறமா அடுக்கியிருக்கேன்."

"யாருக்கு?"

மிஸ் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தர்ஷினி எல்லாவற்றையும் கலைத்துத் தன் வழக்கப்படி அடுக்கி முடிக்கும்வரை என்னை வாசலில் நிற்க வைத்தார்.

பஸ் பழக்கம் தொடங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற நேரம் பார்த்து, எனக்கும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். ஒருநாள் மிஸ் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தினமும் எங்களுக்குப் பின்னாலயே வாறீங்களாமே?"

"என் ஆட்டோ சத்தம் அவ்வளவு நல்லா தெரியுதா மிஸ்?"

"ரோட்டுல எத்தனை ஆட்டோ போகுது, எனக்கு என்ன தெரியும்? பேக்கரிக்காரர் சொன்னாரு."

மாட்டிக்கொண்ட பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? "புள்ள தொலஞ்சு போயிட்டா என்ன மிஸ் செய்யிறது?" என்று கேட்டேன்.

"நானே தொலஞ்சிருக்கேன். ரத்தோட்டையில இறங்க வேண்டியவ தூங்கிட்டேன். மலை தாண்டி லக்கலையில எழுப்பினாங்க. திரும்பி வர பஸ் இல்ல. யானை வேற நடமாடுதுன்னாங்க."

"அப்புறம்?"

"கேட்டேன், ஒரு வீட்டுல இடம் குடுத்தாங்க. நல்ல சோறு. மறுநாள் வந்துட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் இதைச் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து என் பயத்தில் யானையும் சேர்ந்துகொண்டது. பிறகு மிஸ் குரலைத் தணித்தார். அவர் தணிந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா பயப்படுங்க. அவ காதுல விழாம பயப்படுங்க."

சாவுச் செய்தி வந்த மறுநாள் காலை மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. நானும் சாவு வீட்டுக்குப் போக வேண்டியவன்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

தர்ஷினி ரத்தோட்டை பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். "அப்பாதான்," என்றேன்.

"வருவீங்கன்னு தெரியும். பாத்துட்டீங்கல்ல, போதும்."

பஸ் வந்தது. ரத்தோட்டைக்குப் போகுமா என்று கண்டக்டரிடம் சிங்களத்தில் அவளே கேட்டாள். கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினாள். முதலில் அகப்படவில்லை. பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். இரண்டாவது முறை பிடித்து ஏறிவிட்டாள்.

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாள். ஏற்றத்தில் என் ஆட்டோ திணறி நான் போய்ச் சேர்வதற்குள், மிஸ்ஸின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தேநீரும் குடித்துவிட்டாள்.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம், அதுவும் அரைகுறையாக. பயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது. அவள் கை கம்பியைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்: "ஆட்டோ காலியாத்தாம்மா இருக்கு. நானும் அங்கதான் போறேன்."