புகார் எழுதப் படித்த நாவல்

1. மேசைமேல் விழுந்த புத்தகம்

கோயில் தலைவர் முனியாண்டி அந்த நாவலை என் மேசையில் போட்ட வேகத்தில் ஸ்டாம்ப் பேட் கீழே விழுந்தது.

"கிராணிம்மா, ஞாயித்துக்கெழம நம்ம கோயில் ஹாலுல இந்த புக்குக்கு விழாவாம். விடக்கூடாதுலா. மேனேஜர் தொரைக்கு ஒரு புகார் லெட்டர் போடுங்க."

தேயிலை எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவேட்டை எழுதுவது என் வேலை. ஊராருக்குக் கடிதம் எழுதுவது என் தலையெழுத்து. அந்த நாவலை எழுதியவர் எங்கள் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, ஈப்போவில் வாத்தியாராக இருப்பவர். பத்திரிகையில் இரண்டு வாரமாக அவருக்குத் திட்டும் பாராட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

"அப்படி என்னண்ணே எழுதிட்டாரு?"

"மழக்கோட்டு மேல பெல்ட்டு கட்டுற கங்காணி ஒருத்தர் வர்றாராம். இந்த மலையில அப்படிக் கட்டுனது எங்கப்பா மட்டுந்தான். பேர மாத்திட்டா தெரியாதா? பக்கத்துக்குப் பக்கம் கெட்ட வார்த்த பேசுறாராம். எங்கப்பா வாயில அப்படி ஒரு வார்த்த வந்ததே இல்ல!"

"நீங்க படிச்சிங்களா?"

"அதெல்லாம் மனுசன் படிப்பானா?"

ஆபாசமான பகுதிகளை டைப் செய்து கடிதத்தோடு இணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே, மனுஷி படிக்க வேண்டியதாயிற்று.

2. நான் வைத்த புள்ளிகள்

நாவலில் கங்காணி பதினோரு பக்கம்தான் வருகிறார். மலையில் பனி இறங்கினால் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஆள் தெரியாது. கங்காணி பனியைப் பார்த்துத் திட்டுவார். பனியின் அம்மாவையும் விடமாட்டார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பெண்கள் எந்தத் தேயிலை நிரையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வார்கள்.

டைப் செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. கெட்ட வார்த்தை வந்த இடமெல்லாம் புள்ளி வைத்தேன். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் பக்கம் செத்துக் கிடந்தது. யாரோ ஒரு கனவான் குடையோடு நிற்பதுபோல இருந்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கங்காணி திரும்பி வந்தார்.

அவருடைய சாவு இரண்டே வரி: "மறுநாளும் பனி வந்தது. யாரும் அதைத் திட்டவில்லை."

அழுகை என்ற சொல் இல்லை. மரணம் என்ற சொல்லும் இல்லை. நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை கெட்ட வார்த்தைகளும் எதற்கு இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. அவை இல்லையென்றால் அந்த இரண்டாவது வரிக்கு உயிரே கிடையாது.

3. கையெழுத்துப் போட வந்தவர்

சனிக்கிழமை தலைவர் தன் மனைவி லெட்சுமியோடு வந்தார். "கையெழுத்துப் போடுமுன்ன கேட்டுக்குங்க" என்று பதினோரு பக்கத்தையும் வாசித்தேன். முதல் கெட்ட வார்த்தைக்கு என் காது சுட்டது. லெட்சுமி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, மாமா சத்தம் அப்படியே கேக்குதுலா!"

"சும்மா இரு" என்றார் தலைவர்.

"என்ன சும்மா? நான் கல்யாணமாகி வந்த அன்னிக்கே அடுப்பு பத்தலன்னு அடுப்பத் திட்டுனாரு. நீங்கதான் காதப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனிங்க."

கடைசி இரண்டு வரியை வாசித்தேன். தலைவர் கையெழுத்துக்கு எடுத்த பேனாவை மூடினார்.

"அத மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தேன்.

"லெட்டர மாத்தணும்" என்றார்.

"என்னன்னு?"

"இருநூறு பக்க புக்குல எங்கப்பாவுக்குப் பதினோரு பக்கந்தானான்னு."

4. ஹாலில்

விழா நடந்தது. கோயில் கமிட்டியில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வரவில்லை. தலைவர் மனதை நான்தான் மாற்றினேன் என்று இன்றுவரை அவர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கேள்வி நேரத்தில் தலைவர் எழுந்து மைக்கை வாங்கியதும் எழுத்தாளர் முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நாப்பதாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. எங்கப்பா அந்த வார்த்தைய மொட்டையா சொல்லமாட்டாரு. முன்னால ஒரு 'அடேய்' போடுவாரு."

எப்படி என்று மைக்கிலேயே சொல்லியும் காட்டினார். ஹால் அதிர்ந்தது. லெட்சுமி அக்கா இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. எழுத்தாளர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

5. எனக்குக் கிடைத்தது

அதுவரை நான் எழுதிய கடிதமெல்லாம் "தாங்கள் கருணைகூர்ந்து" என்று தொடங்கி "மிகுந்த சிரமத்திற்கு உள்ளாகியுள்ளோம்" என்று முடியும். ஆறாம் லைனின் ஒழுகும் கூரைக்காக மட்டும் அப்படி நான்கு கடிதம் போட்டிருந்தேன். அடுத்த வாரம் ஐந்தாவதை எழுத உட்கார்ந்தபோது சிரமம் என்ற சொல்லே வராமல் எழுதினேன்: "மழை பெய்தால் ஆறாம் லைனில் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் படுக்கிறார்கள்."

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறாம் லைனுக்குப் போனார். ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கஷ்டம் என்று எழுதாதீர்கள். கட்டிலை எழுதுங்கள்.