சங்கு ஊதினால் நேரம் திருத்துகிறவர்

“…அதான் சொல்றேன் தங்கச்சி, அந்தத் துப்பாக்கிய இனி நான் தொட மாட்டேன். வேலைய வுட்டுட்டு வூட்டுக்குப் போன்னாலும் போயிடுறேன். அந்த மேடைக்கு மட்டும் போவ மாட்டேன்” என்று சொல்லி டீ டம்ளரைக் கீழே வைத்தார் ஆப்பரேட்டர் அண்ணன்.

சுடுகிற துப்பாக்கி இல்லை. எட்ட நின்று நீட்டினால் இரும்பின் சூட்டைச் சொல்லும் கைக்கருவி. அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துதான் இந்தப் பேச்சு. ஜன்னலுக்கு வெளியே கில்ன் என்கிற ராட்சச இரும்புக் குழாய் படுத்துக்கொண்டே சுழலும். உள்ளே தீ, தீக்கும் இரும்புக்கும் நடுவே செங்கல் பூச்சு. செங்கல் ஒன்று உதிர்ந்தால் அந்த இடத்தில் இரும்பு சிவக்கும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எதிரே ஒரு ஸ்கேனர் நிற்கும். அது பார்ப்பதைப் பழைய யுனிக்ஸ் பெட்டி ஒன்று வண்ண வண்ணப் பட்டையாகத் திரையில் வரையும். திரை இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். திரை இல்லாவிட்டால் யாராவது துப்பாக்கியோடு கில்ன் ஓர மேடையில் நடக்க வேண்டும்.

போன தடவை அண்ணன்தான் நடந்தார். அவர் நின்ற இடத்துக்கு நேராகவே உள்ளே செங்கல் விழுந்து, கண்ணெதிரே இரும்பு சிவந்திருக்கிறது. வாட்ச் சங்கிலி பழுத்து இடது மணிக்கட்டில் அப்படியே பதிந்துவிட்டது. கண்ணி கண்ணியாக அந்தத் தழும்பை இன்றைக்கும் எண்ணலாம். இப்போது வாட்ச் வலது கையில்.

நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். யுனிக்ஸை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. காயலான் கடையில் கிடைத்த தலையணைப் புத்தகங்களைப் புரட்டிப் படித்ததுதான். ஆலையில் பழைய ஸ்கேனர் செத்துப்போய்ப் புதிது வாங்கினார்கள். அதோடு வந்த புரோகிராம் இந்தக் காலத்து எழுத்து. பெட்டியில் இருந்த கம்பைலர், அதாவது நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் மென்பொருள், என் கல்யாணத்துக்கு முந்தைய காலத்தது. ஒரு வரி கூட அதற்கு இறங்கவில்லை. புதுப் பெட்டிக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், வந்து சேரவில்லை. ஆகவே இந்தக் கிழவனுக்குள்ளேயே புதுக் கம்பைலரைக் கட்ட வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஒண்ணு மட்டும் தங்கச்சி. இத நிறுத்திப்புடாத. படுத்தா படுத்ததுதான், எந்திரிக்காது” என்றார் அண்ணன்.

உண்மைதான். அந்த ஹார்டு டிஸ்க் வருஷக்கணக்கில் நிற்காமல் சுற்றுகிறது. காதை வைத்தால் ஆஸ்துமாக்காரர் மூச்சு விடுவது போல இருந்தது. புதுச் செங்கல் அடுக்கிய கில்னில் அன்று காலையில்தான் தீ மூட்டியிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுவார்கள். முழுச் சூடு ஏறுவதற்குள் திரை வந்தாக வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியே கோப்புகளை ஏற்றி, கான்ஃபிகர் என்கிற சோதனைப் புரோகிராமை ஓட விட்டேன். பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி அது மெஷினை விசாரிக்கும்: உனக்கு இது வருமா, உன்னிடம் அது இருக்கா என்று. வரிக்கு வரி ‘இல்லை’, ‘இல்லை’ என்றே பதில் வந்தது.

கட்டும் முறை உறை மோர் கதைதான். அடுத்த வீட்டில் வாங்கிய மோரை ஊற்றி ஒரு தயிர், அந்தத் தயிரிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது. பழைய கம்பைலர் புதியதைக் கட்டும், புதியது தன்னையே கட்டும், அது மறுபடியும் தன்னைக் கட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் நம்பலாம். நின்றால் தானே மறுபடி தொடங்கும்படி எழுதி வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் ஊர் வந்தேன்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் அது இன்னும் முதல் தயிரிலேயே நின்றது. முந்தின நாள் ஓடிய பெயர்களே திரும்பத் திரும்ப ஓடின. கட்டுகிறது, பழசு என்கிறது, மறுபடியும் கட்டுகிறது. நடுவில் ஒரு எச்சரிக்கை: இப்போது உண்டான கோப்பு முன்பு உண்டானதைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார்.

“அண்ணே, யாராச்சும் இதுல நேரத்தத் தொட்டாங்களா?”

“யாராச்சும் என்ன, நாந்தான். ஷிப்ட் சங்கு ஊதுனதும் திருத்துவேன். இது ஓட்டமா ஓடும், இழுத்துப் பின்னாடி வுடணும். இல்லாட்டி ரிப்போர்ட்ல நேரம் தப்பா வுழும்ல? மூணு ஷிப்ட்டுக்காரனும் அப்படித்தான்.”

எந்தக் கோப்பு புதிது, எது பழையது என்பதை நேரத்தை வைத்துத்தான் அது தீர்மானிக்கிறது. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நேரத்தைப் பின்னால் இழுத்ததில், பிறந்த பிள்ளை அப்பனைவிட மூத்ததாகிவிட்டது. நான் இதைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

“அப்ப நேத்து பூரா போச்சா?”

“போச்சுண்ணே.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். கில்ன் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. தழும்பை விரலால் தேய்த்துக்கொண்டே, “என் தலையில நானே தீ வச்சுக்கிட்டனா” என்றார்.

கட்டியதையெல்லாம் அழித்து, மூலக் கோப்புகளுக்கு ஒரே பழைய நேரத்தைப் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். மதியச் சங்கு ஊதியதும் அண்ணனின் கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை உருவிக் கீபோர்டை மூடினார். “இத எவன் தொறந்தாலும் கைய ஒடிப்பேன்” என்று அடுத்த ஷிஃப்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார். கேன்டீன் அக்கா எட்டிப் பார்த்து, “என்னண்ணே, கம்ப்யூட்டருக்குக் குளிர் சொரமா?” என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மதியம் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு மூன்றாவது தயிர் உறைந்தது. இரண்டாவதோடு அதை ஒப்பிடச் சொன்னேன். வேறுபாடு இல்லை என்றது. ஸ்கேனர் புரோகிராமைப் புதுக் கம்பைலரிடம் கொடுத்தேன், முனகாமல் விழுங்கியது. திரையில் பட்டைகள் எழுந்தன. நீலம், பச்சை, லேசான மஞ்சள். ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்த அண்ணன், “வந்துருச்சு தங்கச்சி, வந்துருச்சு!” என்று என் தோளைத் தட்டினார்.

அவர் கை தோளில் இருக்கும்போதே, கில்னைத் தாங்கும் இரண்டாவது வளையத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு எழுந்தது.

போன் அடித்தது. தன் அறையில் இதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர். “அங்க புதுச் செங்கல்மா. ஸ்கிரீன் தப்பா, செங்கல் தப்பா? தீய நிறுத்துனா மூணு நாள் வேலை வீண். நிறுத்தாம வுட்டா இரும்பு ஷெல்லே போயிடும். சொல்லுங்க.”

கம்பைலர் இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தது என்பதுதான் எனக்குத் தெரியும். ஒரே மாதிரித் தப்பாகவும் வரலாமே. என் கடையில் என்றால் மறுபடி போட்டுப் பார்க்கலாம். இங்கே நான் கட்டியதை நம்பி ஒரு ஆலையே நிற்கிறது. “ஒரு நிமிஷம் சார்” என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வலது கை வாட்சைக் கழற்றிக் கீபோர்டின் மேல் கிடந்த துண்டில் வைத்தார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பட்டன் போட்டார். சுவரில் தொங்கிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் படியிறங்கினார்.