உபயம் அழிந்த வேன்

1. பெயிண்ட் கடை

பெயிண்ட் கடையிலிருந்து வேன் திரும்பி வந்த காலையில், அதன் பின்கதவில் ‘உபயம்: எட்டாங்கட்டைத் தோட்ட மக்கள்’ என்ற எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் பல்கலைக்கழகத்தின் சின்னம் பளபளத்தது. எனக்கு வயிறு எரிந்தது. பணி ஓய்வுக்குப் பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. நிதி திரட்டும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், வழக்குப் போடுவார்கள். நான் சேர்ந்தபோது நிதி திரட்டுவதற்கென்று தனி ஆபிஸ் கிடையாது. பணக்கணக்குப் பார்க்கும் பர்சார் அறை மூலையில் ஒரு மேசை, அதில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, நான். கேக் விற்றோம், குலுக்குச் சீட்டு விற்றோம். பிறகு சாரிட்டி டின்னர் வந்தது. அதற்கும் பிறகு டெவலப்மெண்ட் ஆபிஸ், டைரக்டர், கொடுத்தவர்கள் பெயரைப் பதிக்கும் டோனர் வால், எந்த மண்டபத்துக்குப் பெயர் வைக்க எவ்வளவு என்ற விலைப்பட்டியல் எல்லாம் வந்தன. ஆபிஸ் வளர வளர, கொடுக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் போய்விட்டது.

2. ஜெனரல் கிஃப்ட்

எட்டாங்கட்டை, அதாவது எட்டாவது மைல், சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். அதை விற்றுத் துண்டாடியபோது மக்கள் மலிவு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்களிடம் படிக்க வந்தார்கள். விடுதியில் தங்க வசதியில்லை, பஸ்ஸும் சரியாகக் கிடையாது. அதனால் எல்லாரும் சேர்ந்து ஒரு வேன் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அந்தோணி அண்ணே சம்பளம் வாங்காமல் ஓட்டினார். மாரியம்மன் கோயில்காரர்களும் மாதா கோயில்காரர்களும் சேர்ந்து கொடுத்த வேன் அது. ‘உபயம்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னவரே அந்தோணி அண்ணேதான்.

புது டைரக்டர் டாக்டர் ரகுநாதன் தமிழர்தான், கோலாலம்பூர்க்காரர். எழுத்தை ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன்.

“உபயமா? கோயில் டியூப் லைட்டுல வெளிச்சத்த மறைச்சு எழுதுவாங்களே, அதுவா? இது யூனிவர்சிட்டி லா பத்மா, கோயில் இல்ல.”

“டாக்டர், உபயம்னா எதுக்குக் குடுத்தாங்களோ அதுக்குத்தான். விளக்குக்குக் குடுத்த எண்ணெயில வடை சுட முடியாது.”

“குடுத்தாச்சு இல்ல? இனிமே நம்ம வேன். சிஸ்டத்துல ஜெனரல் கிஃப்ட்னு போடு, எதுக்கு வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்.”

நான் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். அந்தோணி அண்ணேயிடமிருந்து சாவியை வாங்கி என் டிராயரில் வைக்கச் சொன்னார். ஆபிஸ் டிரைவர் ஓட்டுவானாம்.

3. சாவி

மண்டபத்துக்குப் பெயர் வைக்க ஒரு பணக்காரர் குடும்பத்தோடு ரயிலில் வந்தார். அவர்களை அழைத்துவர வேன் ஈப்போ ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. சுங்காய்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் வேலைக்கு வரும் முன்பே டிரைவர் என் டிராயரிலிருந்து சாவியை எடுத்துப் போய்விட்டதால் எனக்கே தெரியாது. அன்று கவிதா என்ற பெண்ணுக்கு இறுதிப் பரீட்சை. வேன் வரும் வரும் என்று காத்திருந்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி அவள் ஓடி வந்தபோது தேர்வு மண்டபத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் அந்தோணி அண்ணே ஆபிசுக்கு வந்தார். சமாதானம் செய்ய டைரக்டர் சட்டம் போட்ட நன்றிச் சான்றிதழ் ஒன்றை நீட்டினார். அண்ணே அதைத் தொடவில்லை.

“கவிதாவுக்கு மறுபடி எப்ப பேப்பர் வைப்பீங்க?”

“அது எக்ஸாம் யூனிட் வேலை, அங்கிள்.”

“அப்ப வேன் ஓட்டுறது என் வேலை. உபயத்த ஒழுங்கா நடத்தலன்னா குடுத்தவன் கேப்பான். சாவியக் குடுங்க.”

டைரக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கை தானாக டிராயரைத் திறந்தது. சாவியை எடுத்து அண்ணே கையில் வைத்தேன்.

“பத்மா! யாரு குடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல டாக்டர். குடுத்தவங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்.”

பல்கலைக்கழகச் சொத்தை வெளியாளிடம் ஏன் ஒப்படைத்தாய் என்று ஷோ காஸ் லெட்டர் வந்தது. பதிலாகத் தமிழில் ஒரே சொல் எழுதினேன்: உபயம். அதோடு என் பதவி உயர்வு போனது. போகட்டும். வேனைத் திருப்பிக் கேட்கும் தைரியம் மட்டும் டைரக்டருக்கு வரவில்லை. விஷயம் பத்திரிகையில் வந்துவிடும் என்ற பயம். அந்தோணி அண்ணே பின்கதவில் மறுபடியும் உபயம் எழுத வைத்தார்.

தம்பி தங்கைகளே, யாராவது கொடுக்க வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன் எதற்கு என்று கேளுங்கள். அதை முதலில் எழுதுங்கள். பிறகு உங்கள் டைரக்டர் என்ன சொன்னாலும் அதை அழிக்க விடாதீர்கள்.

போன மாதம் ஈப்போவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கவிதாவைப் பார்த்தேன். பணம் வாங்கும் இடத்தில் நின்றிருந்தாள். அந்த ஒரு பேப்பர் போனதால் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள், படிப்பும் நின்றுவிட்டது.

“ஆண்ட்டி, வேன் ஓடுதா?”

“ஓடுதும்மா.”

“நல்லது ஆண்ட்டி,” என்று சொல்லிவிட்டு என் சாமான்களைப் பையில் போட்டாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.