உச்சிக்குழி

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கைவேலை டீச்சராக இருந்தவள், கையால் தொட்டதை மட்டும்தான் நம்புவேன் என்று வீறாப்பாகப் பேசித் திரிந்தவள். நீங்களும் அந்த ஜாதிதான் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள். வம்பே என்னவென்றால், இதை நான் கையால்தான் தொட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் பள்ளிக்கூடத்துக்கென்று மெட்ராஸிலிருந்து சீமை மெழுகுக் களிமண் தருவித்தார்கள். எண்ணெயும் மெழுகும் சேர்த்துச் செய்தது, காயாது, வெடிக்காது, ஆனால் சவுக்காரக்கட்டி மாதிரி இறுகல். விரல் நோகிறது என்று பிள்ளைகள் அழுததில், தலைமையாசிரியை மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கோ அது ரொம்பப் பிடித்துப்போனது. இளக்கமான மண்ணில் சின்னத் தலை செய்தால், இமையைக் கீறி முடிப்பதற்குள் பிடித்திருக்கிற கட்டைவிரல் கன்னத்தை நசுக்கிவிடும். இறுகலான மண்ணை மடியில் வைத்துக் கைச்சூட்டில் பிசைந்து வழிக்குக் கொண்டுவந்துவிட்டால், ஆறின பிறகு கொண்டை ஊசிக் கீற்றுகூட அப்படியே நிற்கும். மூங்கில் குச்சியில் செருகி எலுமிச்சம்பழ அளவில் தலைகளாகச் செய்து தள்ளினேன். கிழவன், போலீஸ்காரன், எங்கள் தலைமையாசிரியை கூட உண்டு, நல்லவேளை அவர் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் தனம் குடியிருந்தாள். புருஷன் பஸ் கண்டக்டர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் தாய்வீடு, பிரசவத்துக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பெண் குழந்தை, மூன்று மாதம் இருந்து ஜுரத்தில் போய்விட்டது. கடலோரம் சவுக்குத்தோப்பை ஒட்டிப் புதைத்தார்களாம். காற்று மணலைத் தள்ளித் தள்ளி, மறுபடி போய்த் தேடினபோது இடமே தெரியவில்லையாம். போட்டோவும் கிடையாது. அந்தக் காலத்தில் கைக்குழந்தையை யார் ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்?

ஒரு மத்தியானம் என் பொம்மைத் தலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மா, எம் பாப்பா மூஞ்சி எனக்கு மறந்துகினே வருது. மூக்கு நெனப்பு வந்தா வாய் வர மாட்டேங்குது. நீங்க செஞ்சி குடுங்க.”

“நான் பாத்ததே இல்லியேடி.”

“நான் சொல்றேன், நீங்க செய்ங்க.”

அவள் கண்ணைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது? விடுமுறை மத்தியானங்களில் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் செய்வேன், அவள் உதட்டைப் பிதுக்குவாள். “இன்னா டீச்சரம்மா, இது வேற யாரோ மாதிரி கீது.” அழித்துவிட்டு மறுபடி செய்வேன். முகம் பிடிபடாவிட்டாலும் மண்டை மட்டும் வழவழவென்று நன்றாகவே வந்திருந்தது. நான் பிள்ளை பெறாதவள், கிழவனும் போலீஸ்காரனும் செய்து பழகின கை வேறு. கைக்குழந்தைக்கு வளர வளர மூடிக்கொள்கிற உச்சிக்குழி உண்டு என்ற நினைவே இல்லாமல் பெரியவர்கள் மண்டையாக உருட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த முறை தலையை வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் உச்சியில் ஒரு பள்ளம். மண் துளி உருட்டி அடைத்துத் தேய்த்து மூடினேன். மறுபடியும் பள்ளம். பல்லியைச் சந்தேகப்பட்டேன், பூனையைச் சந்தேகப்பட்டேன், சொல்லக் கூடாது, தனத்தையும்தான். ஆனால் ஆறிக் கிடக்கிற அந்த மண்ணை, சூடு பண்ணாமல் யானை வந்தாலும் அமுக்க முடியாது. மூன்றாம் தடவை தனம் எதிரே இருக்கும்போதே எரிச்சலோடு கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

விரலுக்குக் கீழே அது ஏறி இறங்கியது.

என் விரலின் நாடித்துடிப்பாக இருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து விரலை எடுத்தேன். எடுத்த பிறகும் ஏறி இறங்கியது. பட்டப்பகல், ஜன்னல் வெயில், இரண்டு பேரும் பார்த்தோம். சுற்றியிருந்த மண் கல்லாகத்தான் இருந்தது. நான் தலையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். தனம் பயப்படவே இல்லை. எழுந்து போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள், ஒரு சொட்டு தொட்டு உச்சியில் வைத்துத் தட்டினாள், எல்லாத் தாய்மாரும் செய்கிற மாதிரி.

“எண்ணெ வெச்சாதான் இது தூங்கும்” என்றாள். பிறகு தலையைத் திருப்பி முகத்தைப் பார்த்து, “இதான். இதான் எம் பாப்பா” என்று மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அந்த மூக்கையும் வாயையும் நான் கடைசியாக எப்போது சரிசெய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் தனம் மறுபடி முழுகாமல் இருந்தாள். வயிற்றில் ஒன்று இருக்கும்போது போனதன் முகத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டாள். புருஷனுக்கும் மதுராந்தகத்துக்கு மாற்றல். போகிற அன்று தலையை என் கையில் கொடுத்து, “எண்ணெ மட்டும் வெச்சிடுங்க டீச்சரம்மா” என்றாள். வைத்தேன். நம்பிக்கை எல்லாம் இல்லை, கேட்டுக்கொண்டாளே என்றுதான். ஆனால் வைக்காத நாளில் தூக்கம் வராது.

சில வருஷம் கழித்து, இடுப்பில் பையனோடு வந்தாள். தலையைச் சுற்றி வைத்திருந்த துணியைப் பிரித்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது யாரு டீச்சரம்மா?”

அவளோடு சேர்ந்து நானும் பார்த்தேன். தினமும் பார்க்கிற பிள்ளை வளர்வது நமக்குத் தெரியாதல்லவா, அந்த மாதிரி ஏமாந்திருக்கிறேன். அது கைக்குழந்தை முகமே இல்லை. நெற்றி எடுப்பாகி, மோவாய் இறங்கி, ஓடி விளையாடுகிற பிள்ளையின் முகம். தனம் கட்டைவிரலால் உச்சியைத் தடவிப் பார்த்தாள்.

“மூடிகிச்சா?” என்றாள். “எப்போ?”

நானும் தடவிப் பார்த்தேன், பள்ளமே இல்லை.

“நான் இல்லாத நேரத்துல வளந்துகிச்சு. ரெண்டாவது வாட்டியும் மூஞ்சி போச்சே டீச்சரம்மா.” அவள் அழுததைப் பார்த்துப் பையனும் அழுதான். நான் எவ்வளவு சொல்லியும் தலையை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதற்கப்புறம் வரவும் இல்லை. காலமாகிவிட்டாள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

துணி சுற்றி பீரோவில் வைத்தேன், எண்ணெய் வைப்பதையும் நிறுத்தினேன், பிரித்ததே இல்லை. தனத்தின் அந்தப் பாப்பா இருந்திருந்தால் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். போன மாதம் வீடு மாற்றும்போது அந்தத் துணிப் பொட்டலத்தை எடுத்தேன், துணிக்கு மேலேயே கட்டைவிரலுக்குக் கன்னம் தட்டுப்பட்டது. நான் செய்தது உப்பலான கன்னம். இது ஒட்டிப்போயிருந்தது.