தோணியில் அவிழ்ந்த பிட்டுப் பொதி

கொழும்பில் கந்தோரில் மேசை வேலை கிடைத்த புதிதில் எனக்கு நாக்கு நீண்டுவிட்டது. லீவில் ஊர் வந்து, மட்டக்களப்பு வாவியில் தோணி ஏறியதுமே நானும் கூட வேலை செய்யும் நண்பனும் வாதத்தைத் தொடங்கினோம். கொழும்பில் நல்ல பிட்டு மருதானையிலா, கொம்பனித்தெருவிலா? ஊர்ப் பிட்டு வெறும் மண் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

எதிரே துருக்கித் தொப்பியும் மருதாணித் தாடியுமாகக் காத்தான்குடிச் சாரன் துணி வியாபாரி ஒருவர். பிறருக்குக் கொடுக்காமல் தான் உண்ணாதவர் போலும். வாழையிலைப் பொதியை அவிழ்த்து, பிட்டையும் இறால் பொரியலையும் தோணிக்காரன்வரை எல்லாருக்கும் பகிர்ந்தார். எங்களை மட்டும் அவர் கை தாண்டிப் போனது.

"தம்பிமார் கொழும்புல நல்லது திண்டு பழகினவங்க. இத எப்பிடி நீட்டுற? எனக்கு வெக்கமா இரிக்கி."

"ஓம், ஓம்" என்றோம், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

அது மரியாதையா, பகிடியா? அவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கரை சேரும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது இலையை.