விசில் ஊதியும் நகராமல் நின்றேன்

போன வருஷம் ஆடி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரையிலிருந்து சித்தி குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டாள். தென்காசிக்காரர்களுக்கு இது புதிதில்லை. சீசன் தொடங்கிவிட்டால், வருஷம் முழுக்க ஒரு போன் பண்ணாத சொந்தமெல்லாம் துண்டும் சோப்புமாக வாசலில் நிற்கும். எல்லோரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்தருவி போகலாம், பழைய குற்றாலம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சித்திக்கு மெயின் அருவிதான் வேண்டுமாம்.

எனக்கு மெயின் அருவி ஆகாமல் போனதற்குக் காரணம் என் தோழி. அந்த சீசனில் அங்கே பெண்கள் குளிக்கும் பக்கம் அவளுக்கு டியூட்டி. அவள் போலீஸ்.

இரண்டு பேரும் ஒரே தெரு. போலீஸ் தேர்வுக்குச் சேர்ந்து படித்தோம். விடிகாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் சேர்ந்து ஓடினோம். ஓட்டத்தில் ஒருநாள்கூட அவள் என்னைப் பிடித்ததில்லை. எழுத்துத் தேர்வில் இரண்டு பேருமே தேறினோம். உடல்தகுதித் தேர்வில் ஓட்டத்தில் நான்தான் முதலில் வந்தேன். அடுத்தது நீளம் தாண்டுதல். கொடுத்த மூன்று வாய்ப்பிலும் கோட்டை மிதித்துத் தொலைத்தேன். என் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்தவள் எப்படியோ எல்லாவற்றிலும் தேறி காக்கி போட்டுவிட்டாள்.

அவள் வீட்டில் அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோரும் போலீஸ். எங்கள் வீட்டில் வயலை விட்டால் வேறு தெரியாது. அதனால்தான் அவளுக்குக் கிடைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் யூனிஃபார்மோடு முதன்முதலாகத் தெருவுக்கு வந்த அன்று, கண் பட்டிருக்கும் என்று அவளை நிற்கவைத்து மிளகாய் சுற்றிப் போட்டது என் அம்மாதான். அந்தக் கண் தன் வீட்டிலேயே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கு வயிறு அப்படி எரிந்தது. அடுத்த தேர்வு எழுத வயது இருந்தும் நான் மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அருவியில் நல்ல கூட்டம். தொப்பலாக நனைந்த காக்கியில், வாயில் விசிலோடு அருவிக்கு எதிரே நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான் பார்க்காத மாதிரி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் விடாமல் கேட்டது. பெண்கள் வெளியேறத் தொடங்கினார்கள். சித்தியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முன்னால் பவுசு காட்டுகிறாள், இவள் ஊதினால் நான் ஓட வேண்டுமா என்று ஒரு வீம்பு. அருவிக்கு அடியில் நிற்பவளுக்குத் தலையில் விழும் தண்ணீர்தான் தெரியும். மேலே என்ன வருகிறது என்று தெரியாது. எதிரே நிற்பவளுக்குத்தான் தெரியும்.

திடீரென்று ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது. ஷூவோடு தண்ணீருக்குள் இறங்கி வந்திருந்தாள். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படிக்கு வந்து திரும்பினால், அருவி செம்மண் நிறத்தில் இறங்குகிறது. நான் நின்ற இடத்தில் கல்லும் மரக்கிளையுமாக வந்து விழுந்தன. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லோரையும் வெளியேற்றி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, கூறுகெட்டவளே, விசில் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீ ஊதுனதாலதான் நின்னேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்றிருந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண். நாள் முழுக்க ஈரத்திலேயே நிற்பதால் ஆறவே மாட்டேன் என்கிறதாம். சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அவள் அருவியில் குளிக்கவில்லையாம்.

"கிரவுண்டுல ஒருநாளாவது நீ திரும்பிப் பாத்திருக்கியாட்டி? நான் உன் முதுகப் பாத்துக்கிட்டே ஓடுனவ. இவளுக்கு ஒரு நாள் காலு சுளுக்கிக்கிட்டா என்னன்னுகூட நெனச்சிருக்கேன்."

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்தி இருந்திருக்கிறாள், அதுவும் இவள்.

"அன்னைக்கு நீ தோத்துட்டன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டே போயிட்ட. நீ மணல்ல எங்கன விழுந்தன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மூணு தடவையும் அவங்க கேட்ட தூரத்தத் தாண்டித்தான் விழுந்த. காலு வச்ச இடம்தான் தப்பு. அதுக்குப் போயி எல்லாத்தையும் விட்டுட்டு சேலை மடிக்குத."

அந்த மணலை நான் பார்க்கவே இல்லை. கோட்டை மிதித்ததற்குத் தூக்கிய சிவப்புக் கொடியைத்தான் பார்த்தேன்.

சித்தி தேடிக்கொண்டு வந்தாள். ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிறேனே என்று துண்டைப் போர்த்திவிட்டாள். தோழி புண்காலில் மறுபடி அந்த ஈர ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் மைதானத்துக்குப் போனேன். ஓட்டம் உடனே வந்தது. தாண்டுவதுதான் படாத பாடு. டியூட்டி இல்லாத நாளில் அவள் வந்து கோட்டருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் காலையே பார்ப்பாள். மிதித்தால் அசிங்கமாகத் திட்டுவாள். இப்போது மிதிப்பது குறைந்திருக்கிறது. அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அவள் காக்கியோடு ஸ்கூட்டியில் எங்கள் வாசலைத் தாண்டும்போது இன்றைக்கும் வயிற்றில் சுருக்கென்று ஒன்று பற்றத்தான் செய்கிறது. முன்பெல்லாம் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடுவேன். இப்போது ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுகிறேன்.