பின்கட்டுத் தட்டு

ராஜபாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், தூரமான பெண்களுக்கென்று பின்கட்டில் ஒரு பாயும் அலுமினியத் தட்டும் கிடக்கும். அந்த மூன்று நாளும் அடுப்படியிலோ பூசையறையிலோ தலைகாட்டக் கூடாது. எண்பதுகளின் கடைசியில், எனக்கு முப்பது ஆகுமுன்பே, மாதக்கணக்கில் அந்தத் தட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. நான் வாயைத் திறக்குமுன் நான் முழுகாமல் இருப்பதாக மாமியார் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேர்ச்சை வேறு.

மதுரை டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுச் சுற்றிவளைக்காமல் சொன்னார். "கர்ப்பம் இல்லம்மா. சினைப்பை வேலையை நிறுத்திடுச்சு. சிலருக்கு இப்படிச் சீக்கிரமே நின்னுடும். உங்க தப்பு ஒண்ணுமில்ல." பிள்ளை தரிப்பது அபூர்வம் என்றார். எலும்பு தேயாமலிருக்க ஐம்பது வயதுவரை ஹார்மோன் மாத்திரை எழுதினார். "மாத்திரையால மாசாமாசம் தீட்டு வரும். சரியாயிட்டதா நினைச்சுக்காதீங்க."

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றதும் கணவர் இறங்கிப்போய் பால்கோவா வாங்கிவந்தார். எதைக் கொண்டாட என்று கேட்க நாக்கு துடித்தது. "அம்மாகிட்ட இப்ப சொல்லாத" என்றார்.

மாத்திரை வேலை செய்தது. மறுபடி பின்கட்டில் உட்கார்ந்தேன். கரு கலைந்துவிட்டதென்று அழுத மாமியார், மாதம் தவறாமல் வருவதைப் பார்த்துத் தேறிக்கொண்டார்.

ஒரு கோடையில் மருந்துக்கடையில் அந்த மாத்திரை வராமல் போனது. உடம்பு குப்பென்று கொதிக்கும், சேலை நனையும். மாமியாருக்கும் அப்போது நிற்கிற வயது. ஒரே மின்விசிறிக்கடியில் இருவரும் வேர்த்து உட்கார்ந்திருந்தோம். அவர் என்னையே பார்த்தார்.

"ஏட்டி, எனக்கு நிக்கிற காலம், வேர்க்குது. உனக்கு என்ன கேடு?"

என்னால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவர் கத்தவில்லை; கத்தியிருக்கலாம். ஆவணியில் கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து மகனுக்குத் தாலி கட்டவைத்தார். "அம்மா பேச்சைத் தட்ட முடியல" என்றார் கணவர். பாவிப்பயல். பிறந்த வீட்டில் கட்டிக்கொடுக்க இன்னும் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். நான் எங்கே போவது?

அந்தப் பெண் முதல்முறை தூரமானபோது, மாமியார் பின்கட்டுத் தட்டையும் பாயையும் அவளிடம் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உனக்குத்தான் நின்னு போச்சே. மாசம் பூரா இனி நீயே விளக்கேத்து."

கடையில் மறுபடி வந்த மாத்திரையை நான் விடவில்லை. எலும்பாவது என்னுடையதாக இருக்கட்டும் என்ற வீம்புதான். மாதாமாதம் தீட்டு வந்தது. அந்த மூன்று நாளும் பூசையறைக்குப் போய் விளக்கேற்றினேன். எனக்குத் தூரமா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.